படக்கதை வீரரைப் படைத்தவர்கள்

லிங்கராஜபுரத்தில், புகைவண்டிப் பாதையைத் தாண்டிச் செல்லும் மேம்பாலத்திற்கு அண்மையில், நமக்கு நெடுநாள் பழக்கமான தமிழ்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. பாட்டனார் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து 1960களில் பஞ்சாலை வேலைக்கென வந்தவர். மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம் முடித்தவர். பேரன் ஒன்பது வயதுச் சிறுவன். வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுவான். மூன்றிலும் சண்டை போடவும் வல்லவன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சங்கத்தின் ஆண்டுச் சந்தா தொடர்பாக அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். வாயிலில் நம்மை எதிர்கொண்டவன் அச்சிறுவனே. கழுத்தில் நீலத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தான். இடக்கையில் பாட்டியாரின் எவர்சில்வர்த் தாம்பாளம். அதன் நடுவே சுண்ணக்கட்டியால் வரைந்த ஐந்து முனை நட்சத்திரம். "நான்தான் கேப்டன் அமெரிக்கா" என்று நமக்கு அறிவித்துவிட்டு வழிவிட்டான். "டேய், மாமா வந்திருக்காங்க, அந்தத் தாம்பாளத்தைக் கொண்டாந்து வைடா" என்று உள்ளிருந்து பாட்டியாரின் குரல் கேட்டது. கேடயம் வெற்றிலை பாக்கு வைக்கப் போய்ச் சேர்ந்தது.

காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது சிறுவன் நம் அருகில் வந்து அமர்ந்தான். "மாமா, அமெரிக்காவுக்குக் கேப்டன் இருக்கார். நமக்கு யாரு இருக்கா?" என்றான். நாம் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. "நமக்குன்னா எந்த ஊருக்கு? எங்க கிளாஸ்ல ஒருத்தன் உங்க ஊருக்குப் போன்னு சொன்னான். எங்க ஊரு இதுதானே?"

தந்தையார் ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டார். பாட்டனார் சாளரத்தின் வழியே வெளியே பார்த்தார். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்நகரில் நடந்தவை அவர் நினைவில் ஓடின போலும். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. அடுக்களைப் பக்கத்திலிருந்து, சரியாக மூடாத குழாயொன்று சொட்டும் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஏற்ற விடை அன்று நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் அவன் கேட்ட முதற் கேள்விக்குச் சொல்லத்தக்க கதை ஒன்று உண்டு. அதை அவனுக்கும், அவனை ஒத்த பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கும் ஈண்டுச் சொல்லலாம் எனத் துணிகிறோம்.

முதலில் அவன் கையில் ஏந்திய கேடயத்தின் கதை. 1940ஆம் ஆண்டின் இறுதியை நினைவுகூர வேண்டும். ஐரோப்பாவில் போர் மூண்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. பிரான்சு வீழ்ந்துவிட்டது. அமெரிக்காவோ இன்னும் போரில் இறங்கவில்லை. இறங்கவே கூடாது என்று சொல்வோர் அந்நாட்டில் ஏராளம். இட்லரைப் போற்றுவோரும் இல்லாமலில்லை. 1939 பிப்ரவரி 20ஆம் நாள் நியூயார்க்கு நகரின் நடுவே, மாடிசன் சதுக்க அரங்கில், அத்தகையோர் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு பெருங்கூட்டம் நடத்தினர். அதே நகரில், 1940 டிசம்பரில், பத்து சென்ட் விலையுள்ள படக்கதைப் புத்தகம் ஒன்று கடைகளுக்கு வந்தது. நாட்டுக் கொடியையே ஆடையாக உடுத்த வீரன் ஒருவன் இட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துவதை அதன் மேலட்டை காட்டியது. அமெரிக்கா போரில் இறங்கியதோ மறு ஆண்டு டிசம்பரில்தான். நாட்டை முந்திக்கொண்டு படக்கதை போர் தொடுத்துவிட்டது. அவ்விதழ் பத்து லட்சத்தை நெருங்கும் அளவிற்கு விற்றது என்பர்.

இவ்வளவு துணிச்சலோடு நாட்டுப்பற்றை வரைந்தவர் யார் எனின், அந்நாட்டின் பழங்குடிச் செல்வரல்லர். ஜோ சைமன் 1913இல் பிறந்தவர். தந்தையார் இங்கிலாந்திலிருந்து குடியேறிய தையற்காரர். ஜாக் கிர்பி 1917இல் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் பிறந்தவர். பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள். தந்தையார் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி. இருவரும் யூதர். கிர்பி என்பதும் அவர் பிறந்த பெயரன்று. ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க் என்பதே பெற்றோர் இட்டது. பிறர் நாவுக்கு எளிதாகட்டும் என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட நம்மவர் எத்தனை பேர்! அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த வீரன் பிறந்த விதமும் கருதத்தக்கது. ஸ்டீவ் ராஜர்ஸ் என்னும் மெலிந்த இளைஞன் படையில் சேர வருகிறான். உடல் வலிமை போதாது என்று ஒதுக்கப்படுகிறான். பின்னர் அறிவியலறிஞர் ஒருவர் செலுத்தும் மருந்தால் வலிமை பெறுகிறான். "நீ இதற்குத் தகுதியற்றவன்" என்ற சொல்லைத் தெருவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இத்தகைய கதை தோன்றியதில் வியப்பில்லை.

புத்தகம் விற்றது, வசையும் வந்தது. அச்சுறுத்தும் கடிதங்கள் குவிந்தன. அலுவலக வாயிலில் ஐயத்துக்குரிய ஆட்கள் நின்றனர். நகர மேயர் லா கார்டியா தாமே தொலைபேசியில் அழைத்து, காவலர் துணை இருக்கும் என்று உறுதி கூறியதாக சைமன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்த மேயரும் இத்தாலியிலிருந்து வந்த தந்தைக்குப் பிறந்தவரே.

ஒரு சிறு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். முதல் இதழில் அவ்வீரனின் கேடயம் வட்டமானதன்று. வேறொரு நிறுவனத்தார் வெளியிட்டுவந்த வீரனின் மார்புக் கவசத்தை அது ஒத்திருந்தது என்று முறையீடு எழவே, இரண்டாம் இதழில் அதனை வட்டமாக்கினர். அந்த வழக்கு நேராதிருந்தால், லிங்கராஜபுரத்துப் பாட்டியாரின் தாம்பாளம் தப்பியிருக்கும்.

படைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஆதாயத்தில் சேரவேண்டிய பங்கு சேரவில்லை என்ற மனக்கசப்பால், பத்து இதழ்களோடு இருவரும் அந்நிறுவனத்தை விட்டு வெளியேறினர். கிர்பி பின்னர் மெய்யாகவே படைவீரராகி 1944இல் பிரான்சுப் போர்முனைக்குச் சென்றார். கடுங்குளிரில் கால்கள் கெட்டு மருத்துவமனையில் கிடந்து மீண்டார். அவர் 1994இல் மறைந்தார். அவர் குடும்பத்தாருக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கு 2014இல்தான் இணக்கமாக முடிந்தது. சைமன் 98 வயது வரை வாழ்ந்து 2011 டிசம்பரில் மறைந்தார். தாம் படைத்த வீரனின் பெரும்படம் திரைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

இதனோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் முழு உண்மையும் சொல்லப்பட வேண்டும். போர்க்காலத்தில் வெளிவந்த இத்தகைய படக்கதைகள் ஜப்பானியரைக் கோரைப்பல் கொண்ட அரக்கராகவே வரைந்து தள்ளின. இக்கதைகள் அச்சேறிய அதே காலத்தில், 1942 முதல், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசல் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். குடியேறியவரின் பிள்ளைகள் வரைந்த கொடி வீரன், வேறு குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கவில்லை. கொடியை மார்பில் அணிவது எளிது; அதன் நிழலில் யாருக்கெல்லாம் இடம் என்பதே கடினமான கேள்வி. நம் சிறுவன் பள்ளியிலிருந்து சுமந்துவந்த கேள்வியும் அதுவே.

இனி நம் நாட்டிற்கு வருவோம்.

1964 மார்ச்சில் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தார் இந்திரஜால் காமிக்ஸ் என்னும் படக்கதை வரிசையைத் தொடங்கினர். ஆங்கிலத்தில் தோன்றி, இந்தி, வங்காளி, தமிழ், கன்னடம் முதலிய மொழிகளிலும் உலவியது. அக்காலத்துச் சிறுவர்கள் இன்று பாட்டனாராகிவிட்டனர். ஆயினும் மண்டையோட்டுக் குகையில் அமர்ந்திருக்கும் முகமூடி வேதாளரை நினைவூட்டினால் அவர்களின் கண்கள் ஒளிரும். அந்த வேதாளர் 1936இல் அமெரிக்கச் செய்தித்தாளுக்காக லீ பால்க் என்பவர் படைத்தவர். கதையில் வரும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டுவதாக இருந்தமையால், இந்தியப் பதிப்பில் அதனை டெங்காலி என்று மாற்றினர். சிங் என்னும் பெயருடைய கடற்கொள்ளையர் சிங்கா ஆயினர். பெயர்கள் மாறினவேயன்றிக் கதையின் அடிப்படை மாறவில்லை. காட்டு மக்களைக் காக்க ஒரு வெள்ளையர் பரம்பரை வேண்டும் என்பதே அவ்வடிப்படை. நாமும் அன்று அதனைக் கேள்வியின்றிப் படித்தவர்களே. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்த இரும்புக்கை மாயாவியும் கடல் கடந்து வந்தவரே. பிரிட்டிஷ் இதழ் ஒன்றுக்காக ஆங்கிலேயர் ஒருவர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஒருவர் வரைந்த வீரர். தமிழ்ப் பேச்சு மட்டுமே நம்முடையது. அந்தப் பேச்சின் சுவைக்காகவே அவரை நம்மவராக ஏற்றுக்கொண்டோம் என்பது வேறு செய்தி.

1976இல் இந்திரஜால் வரிசையில் இந்திய வீரன் ஒருவன் தோன்றினான். அவன் பெயர் பகதூர். எழுதியவர் ஆபித் சுர்த்தி; வரைந்தவர் கோவிந்த் பிராமணியா.

பகதூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவனுக்கு மந்திரம் தெரியாது. பறக்க இயலாது. முகமூடியும் இல்லை. காவி நிறக் குர்த்தாவும், கீழே நீல ஜீன்ஸும் அணிந்திருப்பான். மேலே நாட்டு மரபு, கீழே புதுக்காலத்து நடப்பு. அக்காலக் கல்லூரி வாயிலில் நின்ற இளைஞருள் பாதிப்பேர் அவ்வாறுதான் உடுத்தியிருந்தனர். வேதாளரைப் போல வேடமிட வேண்டுமாயின் தையற்காரரிடம் செல்ல வேண்டும். பகதூராக மாற அண்ணனின் பெட்டியைத் திறந்தால் போதும்.

அவன் பிறப்போ பெருமைக்குரியதன்று. கொள்ளைக்கூட்டத் தலைவன் பைரவ் சிங்கின் மகன் அவன். தந்தை காவலர்களோடு நடந்த மோதலில் சுடப்பட்டு இறக்கிறான். மகனோ பழிவாங்கத் துடிக்கிறான். விஷால் என்னும் காவல் அதிகாரியே அவன் பகை. ஆனால் அந்த அதிகாரியின் வழியாகவே, தன் தந்தையின் துப்பாக்கி எத்தனை வீடுகளை அழித்தது என்பதை அவன் உணர்கிறான். பழியைக் கைவிட்டு, கொள்ளையரை எதிர்க்க ஊர்மக்களையே திரட்டிக் குடிமக்கள் காவற்படை ஒன்றை அமைக்கிறான். 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியால் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர் நூற்றுக்கணக்கில் ஆயுதங்களை ஒப்படைத்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கொள்ளைக்காரன் மகன் மனம் மாறுதல் என்பது அன்றைய வாசகருக்கு வெறும் கற்பனையாகத் தோன்றியிராது.

நாம் இக்கதையில் காணும் சிறப்பு அவன் அமைத்த படையில்தான் இருக்கிறது. அமெரிக்க வீரன் தனியனாக வந்து காப்பான். வேதாளரும் தனியராகவே காப்பார். மக்கள் அஞ்சி நடுங்கிப் பின்னர்க் கைகூப்புவர். பகதூர் வந்தாலோ மக்களுக்கே பயிற்சி நடக்கும். கடைக்காரரும் உழவரும் இரவில் முறைவைத்துக் காவல் காப்பர். அவனுடைய துணைவி பேலாவும் அடுக்களையில் காத்திருப்பவளல்லள். தற்காப்புக் கலையில் தேர்ந்தவள். அவனோடு தோள்நின்று போரிடுபவள். மணமாகாமலே இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதாக எழுதியது அக்காலத்திற்குப் பெருந்துணிச்சல். சிறுவர் புத்தகந்தானே என்று பெரியவர்கள் புரட்டிப் பார்க்காததால் தப்பியது என்று நினைக்கிறோம்.

நாளடைவில் கொள்ளையரின் காலம் மாறவே, பகதூரின் பகைவரும் மாறினர். கடத்தற்காரரும் நகரத்துக் குற்றவாளிகளும் வந்தனர். பிற்காலக் கதைகளை ஜக்ஜித் உப்பல் எழுதினார். 1990இல் இந்திரஜால் வரிசையே நின்றது. அதனோடு பகதூரும் கடைகளிலிருந்து மறைந்தான். பழைய புத்தகக் கடைகளில் தேடி அலைவோர் இன்றும் உளர்.

வீரன் மறைந்தான், ஆனால் அவனைப் படைத்தவரின் கதை அப்போது பாதிகூட முடியவில்லை.

ஆபித் சுர்த்தி 1935இல் குஜராத்தில், ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. டோங்கிரிப் பகுதியில் வறுமையில் வளர்ந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் துறைமுகத்திற்கும் நிலையத்திற்கும் இடையே படைவீரர்களை ஏற்றிக்கொண்டு புகைவண்டிகள் மெல்ல ஊரும். தெருப்பிள்ளைகள் அவற்றின் ஓரமாக ஓடுவர். வீரர்கள் தின்பண்டங்களை எறிவர். ஒருநாள் வீரர் ஒருவர் எறிந்தது படக்கதைப் புத்தகம். பிள்ளைகள் பாய்ந்து பிய்த்துக்கொண்டதில் ஆபித்தின் கையில் சிக்கியது மிக்கி எலியின் படமுள்ள ஒரு தாள் மட்டுமே. இதனை நாமும் வரையலாமே என்ற எண்ணம் அவருக்கு அத்தாளில் பிறந்தது. பின்னர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். தர்மயுக் என்னும் இந்தி வார இதழில் அவர் வரைந்த டப்பூஜி என்னும் குள்ளமான கேலிப் பாத்திரம் பல்லாண்டுகள் வீடுதோறும் சிரிப்பூட்டியது. இந்தியிலும் குஜராத்தியிலும் கதைகளும் நாவல்களும் நாடகங்களுமாக எழுதிக் குவித்தார். 1993இல் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்குத் தேசிய விருதும் பெற்றார்.

அவ்விளமைப் பருவத்தில் அவர் மறவாத காட்சி ஒன்றுண்டு. விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, ஒரு வாளித் தண்ணீருக்காக அவருடைய தாயார் வரிசையில் நின்ற காட்சி. வரிசையில் சண்டை மூளும். கிடைத்த வாளியில் நாள் முழுதும் ஓட்ட வேண்டும். எழுபது வயதை எட்டிய பின்னும், யார் வீட்டிலாவது குழாய் சொட்டக் கேட்டால் அவருக்கு மனம் பொறுப்பதில்லை. நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தார். ஒரு வாஷர் மாற்றும் சிறுவேலைக்குக் குழாய்க்காரர் வருவதில்லை என்றனர். வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் மாதம் 1,000 லிட்டர் வீணாகும் என்று எங்கோ படித்தது அவர் நெஞ்சில் தைத்தது.

2007இல் உத்தரப்பிரதேசத்தின் இந்தி இலக்கிய நிறுவனம் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசளித்தது. முதுமைக்கு உதவும் என்று வங்கியில் போடுவதே உலக வழக்கம். அவரோ அப்பணத்தைக் கொண்டு, தாம் வாழ்ந்த மும்பைக்கு வடக்கேயுள்ள மீரா ரோடு பகுதியில், ஒழுகும் குழாய்களைச் செப்பனிடும் பணியைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் டிராப் டெட். ஒவ்வொரு துளியையும் காப்பாற்று, இன்றேல் செத்தொழி என்பது போன்ற பொருள்; நகைச்சுவைச் சித்திரக்காரரின் நாக்கு அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மூவர் புறப்படுவர். அவர் ஒருவர், கூலிக்கு அமர்த்திய குழாய்க்காரர் ஒருவர், தொண்டராக வரும் பெண்மணி ஒருவர். அந்தப் பெண்மணி உடனிருந்தால்தான் இல்லத்தரசிகள் தயங்காமல் கதவு திறப்பர் என்பது அவர் கண்ட உண்மை. ஒரு குடியிருப்பைத் தேர்ந்து, முன்னதாகவே அங்கே அறிவிப்பு ஒட்டிவிட்டு, மறுநாள் கதவு கதவாகத் தட்டுவர். ஒழுகல் இருந்தால் வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவர். காசு வாங்குவதில்லை. முதல் ஆண்டில் 1,666 வீடுகளுக்குச் சென்று 414 குழாய்களைச் செப்பனிட்டனர். அதனால் நான்கு லட்சம் லிட்டருக்கும் மேல் மிஞ்சியது என்பது அவர்கள் போட்ட கணக்கு. பிந்தைய ஆண்டுகளில் செய்தித்தாள்கள் எழுதின, தொலைக்காட்சியார் அழைத்தனர், அவர் ஞாயிறு தவறாமல் குழாய்க்காரரோடு நடந்துகொண்டிருந்தார்.

பகதூரின் குடிமக்கள் காவற்படையை 1976இல் தாளில் எழுதியவர், முப்பது ஆண்டு கழித்து அதனைத் தெருவில் நடத்திக் காட்டினார் என்றே நாம் கருதுகிறோம். கதவு திறந்த வீட்டுக்காரர் இந்துவா முஸ்லிமா, மராத்தியரா குஜராத்தியரா என்பது குழாய்க்குத் தெரியாது. அவரும் அந்நகருக்கு வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைதான். நீ எந்த ஊர் என்று அவரைக் கேட்டவர்களும் இருந்திருப்பர். ஆனால் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம் அக்கேள்வியைக் கேட்க யாருக்கு நாவெழும்?

நம் நகருக்கு இக்கதை எவ்வளவு பொருந்துகிறது என்பதை 2024ஆம் ஆண்டுக் கோடையைக் கண்டவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றின. தண்ணீர் லாரிக்குப் பணம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவ்வாண்டு மார்ச்சில், குடிநீரைக் கொண்டு வண்டி கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று நீர் வாரியம் ஆணையிட்டது. குழாய் முனையில் நீரோட்டத்தைக் குறைக்கும் சிறு வலைப்பூட்டியைப் பொருத்தவும் பணித்தது. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதலாகக் கொணர வழிசெய்தது. நம் அடுக்களைக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பல நூறு மீட்டர் உயரத்திற்குப் பல கட்டங்களாக இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருகிறது. எந்த ஆற்றின் பெயரால் இந்நகரில் தமிழர் கடைகளின் கதவுகள் ஒரு காலத்தில் அடைபட்டனவோ, அதே ஆற்று நீர்தான் நம் வீட்டிலும் அண்டை வீட்டுக் கன்னடர் வீட்டிலும் ஒரே குழாய் வழியே இறங்குகிறது. மாநிலங்களுக்கு இடையே எத்தனை ஆயிரம் கோடி கனஅடி யாருக்கு என்பதை நீதிமன்றமும் ஆணையமும் பார்த்துக்கொள்ளும். அடுக்களைக் குழாய் நம் பொறுப்பில் இருக்கிறது.

இதனை எழுதும் முன் மீண்டும் ஒருமுறை அவ்வீட்டிற்குச் சென்றோம். வினாடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கு எவ்வளவு சரி என்று பார்க்கும் ஆவலும் இருந்தது. சொட்டும் குழாயின்கீழ்ச் சிறுவன் ஒரு செம்பை வைத்தான். சுவர்க் கடிகாரத்தை நாம் பார்த்துக்கொண்டோம். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் நிறைந்தது. அப்படியாயின் நாளுக்கு 12 லிட்டர். மாதத்திற்கு 360 லிட்டர். ஆயிரத்தை எட்டவில்லை. ஆனால் பாட்டியாருக்கு லிட்டர் கணக்கு வேண்டியிருக்கவில்லை. "அப்போ மாசம் எத்தனை குடம்?" என்றார். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடமாயின் இருபத்துநான்கு குடம் என்றோம். அவர் இளமையில் தெருக்குழாயில் நின்றவர். "இருபத்துநாலு குடமா! ஒரு குடத்துக்கு நான் எத்தனை பேரோட மல்லுக்கு நின்னிருக்கேன்" என்று மகனைப் பார்த்தார். மகன் மறுபேச்சின்றிச் சட்டையை மாட்டிக்கொண்டு முக்குக் கடைக்குக் கிளம்பினார்.

அவர் திரும்பிவரும் வரையில் சிறுவனுக்குப் பகதூரின் கதையையும் ஆபித் சுர்த்தியின் கதையையும் சொன்னோம். கொள்ளைக்காரன் மகன் என்றபோது கண்களை அகல விரித்தான். பேலாவைப் பற்றி இருமுறை கேட்டான். கிழவர் குழாய் பழுதுபார்த்த பகுதி அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றே தோன்றியது. "அவர் கையில என்ன ஆயுதம் வெச்சிருந்தார்?" என்று மட்டும் கேட்டான். ஸ்பானர் என்றோம்.

தந்தையார் வாஷரோடு வந்தார். மேலே தொட்டியின் வால்வை அடைத்தார்கள். கறுத்துச் சப்பையாகிப் போன பழைய வாஷரை வெளியே எடுத்ததும், அதனைத் தனக்கு வேண்டுமென்று சிறுவன் வாங்கிக்கொண்டான். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். தம் வீட்டுக் குளியலறைக் குழாயும் இரண்டு மாதமாக ஒழுகுவதாகச் சொன்னார். சிறுவன் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொல்லியபடி தந்தைக்கு முன்னால் ஓடினான். நாம் புறப்படும்வரை இருவரும் திரும்பவில்லை.

சென்ற வாரம் அவன் வரைந்த படமொன்று சங்கத்திற்கு வந்து சேர்ந்தது. குர்த்தாவும் ஜீன்ஸும் அணிந்த வீரன். கையில் தன் உயரத்திற்கு மேற்பட்ட ஸ்பானர். மார்பில் ஓட்டையுள்ள ஒரு கறுப்பு வட்டம். நட்சத்திரத்துக்கு மாறாக அது என்ன என்று நாம் வியந்து, பின்னர் வாஷர் எனத் தெரிந்துகொண்டோம். அடுத்த இதழின் சிறுவர் பகுதியில் அதனை வெளியிடுகிறோம்.